காலைல பதினொன்னே காலுக்கு டிஷ் செத்துப்போகுது, பட்டாளத்து சேட்டிலைட்டுக்கும் இதே கதிதானா?

பென்னாகரம் டிஷ்:
எல்லாருக்கும் வணக்கம். பதினாலு வருஷமா பென்னாகரம், ஏரியூர், பாப்பாரப்பட்டி பக்கம் டிஷ் மாட்டுற வேலை செய்யறேன். வருஷா வருஷம் மார்ச் பாதியிலயும் செப்டம்பர் கடைசியிலயும் ஒரு வாரம் எனக்கு போன் ஓயாது. "அண்ணா காலைல பதினொன்னே காலுக்கு படம் கட்டம் கட்டமா உடையுது, பத்து நிமிஷத்துல தானா வந்துடுது"ன்னு சொல்லுவாங்க. சூரியன் சேட்டிலைட்டுக்கு நேர் பின்னாடி வந்து நிக்குது, ஒரு வாரத்துல சரியாயிடும், டிஷ்ஷ தொடாதீங்கன்னு எவ்ளோ சொன்னாலும் நம்ப மாட்டாங்க. நேத்து ஏரியூர்ல ஒரு வீட்டுல மாடி ஏறி எல்என்பிய, அதான் டிஷ்ஷுக்கு முன்னாடி கம்பி நுனில சிக்னல் வாங்கற பெட்டி, அத திருகி வெச்சுட்டாங்க, அத சரி பண்ணப் போனேன். அங்க ஒரு பெரியவர், பையன் பட்டாளத்துல இருக்கான், என்னைக் கேட்டார் "ஏம்பா, டிவிக்கே இப்படின்னா எல்லைல இருக்கற எங்க பையனுங்க பேசுற செட்டும் இதே நேரத்துக்கு ஊமையாயிடுமா? எதிரிக்கும் சூரியன் எப்ப வரும்னு தெரியுமே?"ன்னு. எனக்கு வாயே வரல. வீட்டுக்கு வந்தும் அதே யோசனை.

இன்னொன்னும் கேக்கணும். சேட்டிலைட்லருந்து வர்ற சிக்னல் நாடு முழுக்க மழை மாதிரி விழுது. ரெண்டடி தகரத்த வெச்சு நானே புடிக்கறேன். அப்புறம் ராணுவ சேட்டிலைட்ல ரகசியம்னு எத சொல்றாங்க? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பாலக்கோடு ஈசிஇ:
அண்ணா நான் ஃபைனல் இயர் ஈசிஇ, ப்ராஜெக்ட்டே சேட்டிலைட் லிங்க் பட்ஜெட்தான், அதாவது சிக்னல் வந்து சேரும்போது எவ்ளோ பலம் மிச்சம்னு போடற கணக்கு, அதனால முதல் கேள்விக்கு நான் சொல்றேன்.

ஆமாண்ணா, ராணுவ சேட்டிலைட்டும் தப்பிக்க முடியாது. பூமி சுத்துற வேகத்துலயே சுத்தி ஒரே இடத்துல நிக்கற மாதிரி தெரியற சேட்டிலைட் எல்லாமே நிலநடுக்கோட்டுக்கு மேல 35,786 கிலோமீட்டர்லதான் இருந்தாகணும், வேற உயரத்துல வெச்சா நகந்துடும். சூரியனும் வருஷத்துக்கு ரெண்டு தடவ நிலநடுக்கோட்ட தாண்டுது. தாண்டற நாட்களை ஒட்டி உங்க டிஷ்லருந்து பாத்தா சேட்டிலைட்டுக்கு பின்னாடி சூரியன் வரும், சூரியன் பெரிய ரேடியோ இரைச்சல், அதுல சேட்டிலைட்டோட சன்ன குரல் முழுகிடும்.

ஆனா பெரியவர் பயப்படற அளவுக்கு இல்ல. மொத விஷயம், அடிபடறது கீழ வர்ற சிக்னல்தான், நீங்க மேல அனுப்பறது ஒழுங்கா போயிடும். ரெண்டாவது, எல்லா ஊர்லயும் ஒரே நேரத்துல நடக்காது. நமக்கு மார்ச் 15ஐ ஒட்டி உச்சம். காஷ்மீர் வடக்க இருக்கறதால அங்க மார்ச் மொத வாரத்துலயே வந்துட்டு போயிருக்கும், நிமிஷமும் ஊருக்கு ஊர் மாறும். மூணாவது, ஒரு சேட்டிலைட் போனா இன்னொன்னு இருக்கும். நேவிக்கான ஜிசாட் 7 இருக்கறது கிழக்கு 74 டிகிரி, ஏர்ஃபோர்ஸுக்கான ஜிசாட் 7ஏ 63 டிகிரி. நடுவுல 11 டிகிரி, அதாவது முக்கால் மணி நேரத்துக்கு மேல வித்தியாசம், ரெண்டும் சேந்து போகாது. யூஎச்எஃப் மாதிரி கீழ் பேண்ட்ல, அதாவது கொறஞ்ச அலைவரிசைல, ஆன்டெனாவோட பார்வை ரொம்ப அகலம், அதுல சூரியன் சின்ன புள்ளி, அதனால அடியும் கம்மி. எல்லாத்துக்கும் மேல இது எந்த நாள் எந்த நிமிஷம்னு முன்னாடியே கணக்கு போட்டுடலாம், அட்டவணை போட்டு வெச்சுகினு வேலை செய்வாங்க.

பர்கூர் சிக்னல்:
தம்பி நல்லா சொன்னீங்க. நான் சிக்னல்ஸ்ல, அதான் பட்டாளத்துல தகவல் தொடர்பு பாக்கற பிரிவுல, 24 வருஷம் இருந்து வந்தவன், இப்ப பர்கூர் பக்கம் தோட்டம். எங்க கோருக்கு வயசு நூறு தாண்டிடுச்சு, 1911 பிப்ரவரி 15ல ஆரம்பிச்சது, எங்க வாக்கு "தீவ்ர சௌகஸ்", வேகமாவும் விழிப்பாவும்னு வெச்சுக்கங்க. இடம், செட்டு, அலைவரிசை எதையும் இங்க சொல்ல மாட்டேன், யாரும் கேக்கவும் வேணாம். பொதுவா எல்லாருக்கும் தெரிஞ்சத வெச்சே உங்க ரெண்டாவது கேள்விக்கு வர்றேன்.

மெக்கானிக் தம்பி, நீங்க கேட்டது ரொம்ப சரியான கேள்வி. சேட்டிலைட் ரகசியமான பொருளே இல்ல. ராத்திரி நட்சத்திரம் பாக்கறவங்க நல்ல டெலஸ்கோப் வெச்சே பாத்துடுவாங்க, எந்த டிகிரில நிக்குதுன்னு ஊருக்கே தெரியும், 15 வருஷம் அங்கயேதான் நிக்கும். கோபுரத்து மேல ஏத்தின விளக்கு மாதிரி. அது பேசறதும் காத்துல கொட்டுது, யார் வேணா காதுல வாங்கலாம். அத மறைக்க முடியாதுன்னு ஒத்துகிட்டுதான் இந்த வேலையே ஆரம்பிக்குது. கேட்டாலும் புரியக்கூடாது, கத்தினாலும் அமுக்கக்கூடாது, பேசறவன் எங்க நின்னு பேசறான்னு கண்டுபுடிக்கக்கூடாது. இந்த மூணுக்குதான் அவ்ளோ பாடும்.

மொதல்லது சைஃபர். பேசறது பெட்டிக்குள்ள போகும்போதே கலைஞ்சுதான் போகும், எப்படி கலைக்கறதுன்னு சொல்ற ரகசிய எண்ணுக்கு கீன்னு பேரு, அதே கீ எதிர்ல இருக்கற பெட்டில இருந்தாத்தான் கூடும். சேட்டிலைட்டுக்கே உள்ள என்ன போகுதுன்னு தெரியாது. அப்ப பூட்டு எங்க இருக்குது? வானத்துல இல்ல. கீழ, தூக்கத்துல கண்ணு சொருகற ஒரு பையன் கைல இருக்குது. இத நான் சும்மா சொல்லல, சாயங்காலம் எழுதறேன், இப்ப தண்ணி பாய்ச்சணும், கரண்ட் வந்துடுச்சு.

மாந்தோப்பு கிருஷ்ணகிரி:
எல்லாம் சரி, ஆனா ஒரு விஷயம் மனசுல உறுத்துது. இந்த சேட்டிலைட்டுக்கு கொட்டற பணம் கொஞ்சமா? ராணுவத்துக்கான ஜிசாட் 7பிக்கு 2023 மார்ச்ல போட்ட ஒப்பந்தமே 2,963 கோடி. நாடு பூரா ஃபைபர் கேபிள் போட்டாச்சு. இல்லன்னா இப்ப புதுசா வந்துகினு இருக்கற தாழ்வா சுத்துற ஆயிரக்கணக்கான சின்ன சேட்டிலைட் இருக்குதே, அதுல தாமதமும் கம்மி, ஒன்ன சுட்டாலும் மிச்சம் இருக்கும். முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர்ல ஒத்த மரமா நிக்கறத நம்பணுமா? நான் எதிர்த்து பேசணும்னு சொல்லல, வரி கட்டறவன்ங்கற முறைல கேக்கறேன்.

ஓசூர் லேத்:
மாந்தோப்பு அண்ணா, கேபிள் கப்பலுக்கு எப்படி போகும்? ஏரோப்ளேனுக்கு? ரோடு போடற ஜேசிபி ஒரு வெட்டு வெட்டினா எங்க சிப்காட்ல ரெண்டு நாள் நெட் இல்ல, இங்கயே இப்படின்னா மலைல பனிச்சரிவு வந்தா என்ன ஆகும்.

பாலக்கோடு ஈசிஇ:
கப்பல்னு சொன்னதால ஜிசாட் 7 பத்தி சொல்லியாகணும். 2013 ஆகஸ்ட் 30, நம்ம நேரம் விடியக்காலம் ரெண்டு மணிக்கு, பிரெஞ்சு கயானால கூரூவுலருந்து ஏரியன் 5 ராக்கெட்ல போச்சு. எடை 2,600 கிலோ சொச்சம், அப்ப நம்ம ராக்கெட்டுக்கு அந்த எடைய தூக்கற தெம்பு இல்ல. ருக்மணின்னும் சொல்லுவாங்க. யூஎச்எஃப், எஸ், சி, கேயூன்னு நாலு பேண்ட். அதுக்கு முன்னாடி நடுக்கடல்ல கப்பல்காரங்க இன்மார்சாட்னு வெளிநாட்டு சேட்டிலைட்ட நம்பி இருந்தாங்க. அடுத்த வருஷம் வங்காள விரிகுடால நடந்த பயிற்சில சுமார் 60 கப்பல், 75 விமானம் எல்லாத்தையும் ஒரே வலைல கோத்து காமிச்சாங்க.

அப்புறம் 2018 டிசம்பர் 19ல ஜிசாட் 7ஏ, 2,250 கிலோ, இந்த தடவ ஸ்ரீஹரிகோட்டாலருந்து நம்ம ஜிஎஸ்எல்வில. 2025 நவம்பர் 2ல சிஎம்எஸ் 03, ருக்மணிக்கு பதிலா வந்தது, 4,400 கிலோ, நம்ம எல்விஎம்3 ராக்கெட்ல. நம்ம மண்ணுலருந்து அந்த முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் பாதைக்குன்னு போன சேட்டிலைட்லயே அதான் கனம். பன்னெண்டு வருஷத்துல அடுத்தவன் ராக்கெட்லருந்து சொந்த ராக்கெட்டுக்கு வந்திருக்கோம். அந்த லாஞ்ச் அன்னிக்கு ஹாஸ்டல்ல நாங்க இருபது பேர் ஒரே போன்ல பாத்தோம், பிரிஞ்சதுன்னு சொன்னதும் பக்கத்து பிளாக்ல இருக்கறவங்க எல்லாம் ஓடி வந்துட்டாங்க.

தாழ்வான சேட்டிலைட் பத்தி கேட்டீங்க. அதுல தாமதம் கம்மிதான், உண்மை. ஆனா ஒவ்வொன்னும் சில நிமிஷத்துல தலைக்கு மேல தாண்டிடும், அதனால நூத்துக்கணக்குல வேணும், எல்லாத்தையும் விடாம பாத்துக்கணும். அடுத்தவன் வலைல சேந்தா சுவிட்ச் அவன் கைல. மேல நிக்கற ஒரே சேட்டிலைட் பூமில மூணுல ஒரு பங்க பாக்குது, மூணு இருந்தா துருவம் தவிர உலகமே முடிஞ்சது. நமக்கு இன்னொரு அனுகூலம், நம்ம நாடு நிலநடுக்கோட்டுக்கு கிட்ட. தர்மபுரிலருந்து 74 டிகிரி சேட்டிலைட் 75 டிகிரி உயரத்துல, கிட்டத்தட்ட உச்சந்தலைல நிக்குது, தெக்க கொஞ்சம் மேக்கால. லடாக்லருந்து பாத்தாலும் 50 டிகிரி இருக்குது, அதனால பள்ளத்தாக்குல இருக்கறவனுக்கும் மலை மறைக்காது. ரஷ்யாக்காரங்க நாடு ரொம்ப வடக்க இருக்கறதால இந்த சேட்டிலைட் அடிவானத்துல படுத்துடும், அதுக்காகவே அவங்க மோல்னியான்னு நீள்வட்டப் பாதை ஒன்ன கண்டுபுடிச்சாங்க.

அரூர் நித்யா:
நான் அவ்ளோ படிச்சவ இல்ல, எழுதலாமான்னு யோசிச்சேன். எங்க வீட்டுக்காரர் பட்டாளத்துல இருக்கார், இப்ப மேல போஸ்டிங், எங்கன்னு சொல்ல மாட்டேன். அங்க செல்போன் டவர் கெடையாது, சேட்டிலைட் போன்லதான் பேசுவார், டிஎஸ்பிடின்னு சொல்லுவார். 2017 தீபாவளிக்கு நிமிஷத்துக்கு அஞ்சு ரூபாய ஒரு ரூபாயா கொறச்சாங்க, அதுக்கப்புறம்தான் கொஞ்சம் தாராளமா பேசறோம், அதுவும் வரிசைல நின்னு அவர் முறை வரணும்.

மொத வருஷம் எனக்கு ஒரு பெரிய சந்தேகம் இருந்துச்சு. "நல்லா இருக்கீங்களா"ன்னு கேட்டா ஒடனே பதில் வராது. கொஞ்சம் நிக்கும், அப்புறம் "நல்லா இருக்கேன்"னு வரும். "சாப்டீங்களா"ன்னா அதுக்கும் நிக்கும். இவரு எதையோ மறைக்கறாரு, யோசிச்சு யோசிச்சு பதில் சொல்றாருன்னு நெனச்சு போன வெச்சுட்டு அழுதிருக்கேன். எங்க மாமியார்கிட்ட கூட சொல்லல. அது ஏன் அப்படி வருதுன்னு யாராவது சொல்லுவீங்களா?

பாலக்கோடு ஈசிஇ:
அக்கா, அது அவர் யோசிக்கற நேரம் இல்லக்கா, வெளிச்சம் நடக்கற நேரம். ரேடியோ அலை நொடிக்கு மூணு லட்சம் கிலோமீட்டர் போகும். நீங்க கேட்டது முப்பத்தாறாயிரம் மேல போயி முப்பத்தாறாயிரம் கீழ வரணும், அதுக்கு கால் நொடி. அவர் ஒடனே சொன்ன பதில் திரும்பி வர இன்னொரு கால் நொடி. ஆக அரை நொடி, அது போக பெட்டிங்க எடுத்துக்கற கொஞ்ச நேரம். பக்கத்து ரூம்லருந்து பேசினாலும் அந்த உயரத்து சேட்டிலைட் வழியா வந்தா அதே அரை நொடிதான். இத எந்த கம்பெனியும் எந்த நாடும் கொறைக்க முடியாது.

பர்கூர் சிக்னல்:
நித்யாம்மா, நீங்க எழுதினது நல்லதாச்சு. என் வீட்டுக்காரியும் அந்த காலத்துல இதே மாதிரி நெனச்சிருப்பாளோ என்னவோ, கேக்கணும். ஒன்னு சொல்றேன், உங்ககிட்ட பேசற போன் வேற, வேலைக்கான செட் வேற. வீட்டுக்கு பேசற போன்ல ஊரு பேரு, வண்டி வர்றது போறது எதுவும் பேசக்கூடாதுன்னு அவருக்கு சொல்லி இருப்பாங்க. அவர் பேச்சு சுருக்கமா இருந்தா அதுக்கும் இதான் காரணம், மனசுல வெச்சுக்காதீங்க.

காலைல பாதில விட்டத சொல்றேன். வருஷமும் இடமும் வேணாம். கீ தினமும் ஒரு குறிச்ச நேரத்துல மாத்தணும். ஒரு ராத்திரி எங்க பக்கம் மாத்தியாச்சு, எதிர்ப்பக்கம் மாத்தல. இங்க பேசினா அங்க வெறும் இரைச்சல், அங்க பேசினா இங்க இரைச்சல். ஒரு தகவல் அவசரமா போயாகணும். ட்யூட்டில இருந்த பையன் புதுசு, வயசு இருபது இருக்கும், நடுக்கம் வேற, ப்ளெயின்ல, அதாவது கலைக்காம, ரெண்டே வார்த்தை சொல்லிட்டா கீய மாத்துன்னு புரிஞ்சுக்குவாங்கன்னு கை சுவிட்ச்சுக்கு போச்சு. எங்க சுபேதார் சாப் அவன் மணிக்கட்ட புடிச்சார். திட்டல. "பேட்டா, அந்த ரெண்டு வார்த்தைக்குதான் ஒருத்தன் ராத்திரி பூரா காத்துகினு இருக்கான்"னார். ஜீப்ல ஆள் அனுப்பினோம், மூணு மணி நேரம், அந்த ரோட்ல. தகவல் லேட்டாதான் போச்சு, ஆனா முழுசா போச்சு. அந்த மணிக்கட்டு என்னுதுதான்.

ஓசூர் லேத்:
ஐயா படிக்கும்போதே உடம்பு சிலிர்த்துடுச்சு.

பாலக்கோடு ஈசிஇ:
ஐயா சொன்னதுக்கு ஒரு உலக உதாரணம் இருக்கு, எங்க சாரே க்ளாஸ்ல சொன்னது. அமெரிக்க நேவி 1978லருந்து ஃப்ளீட்சாட்காம்னு யூஎச்எஃப் சேட்டிலைட்டுங்கள விட்டாங்க. அது கண்ணாடி மாதிரி, கீழருந்து வர்றத அலைவரிசை மாத்தி அப்படியே திருப்பி அடிக்கும், அனுப்பறவன் யாருன்னு கேக்காது. பிரேசில்ல லாரிக்காரங்க, காட்டுக்குள்ள மரம் வெட்டறவங்க, சாதா ரேடியோ செட்ட மாத்தி கட்டி வீட்டுல செஞ்ச ஆன்டெனாவ வெச்சு அதுல ஏறி பல வருஷம் ஊர்க்கதை பேசிகினு இருந்தாங்க. 2009ல அங்க போலீஸ் ஒரே வேட்டைல 39 பேர புடிச்சுது. அமெரிக்காக்காரங்க ரகசியம் அதனால வெளிய போகல, சைஃபர் இருந்துச்சு. ஆனா அவங்க பாதைல வேற எவனோ உக்காந்து பேசறான், அந்த சேனல் அவங்களுக்கு அந்த நேரத்துல இல்ல. கேட்டா புரியாம இருக்கறது ஒரு வேலை, நமக்கான பாதை நமக்கே இருக்கறது தனி வேலைன்னு எனக்கு அப்பதான் புரிஞ்சுது.

பர்கூர் சிக்னல்:
அதேதான் தம்பி. நம்ம ஊர்ல மாரியம்மன் பண்டிகை நடக்கும்போது குழாய் ஸ்பீக்கர் பக்கத்துல நின்னுகினு போன் பேசி இருக்கீங்களா? அவன் உங்க பேச்ச ஒட்டுக் கேக்கல, புரிஞ்சுக்கவும் இல்ல, ஆனா உங்க போன் பேச்சு செத்துது. அதான் ஜாமிங். சேட்டிலைட் எங்க இருக்குன்னு தெரியும், அது மேல பெரிய டிஷ்ஷ வெச்சு பலமா கத்தினா போதும்.

அதுக்கு என்ன பண்றாங்கன்னா, ஒரே அலைவரிசைல நிக்க மாட்டாங்க, நொடிக்கு பல தடவ தாவுவாங்க. எந்த வரிசைல தாவறதுன்னு அந்த கீதான் சொல்லும். நீங்களும் உங்க கூட்டாளியும் திருவிழாக் கூட்டத்துல எந்தெந்த கடைக்கு முன்னாடி எப்ப நிக்கறதுன்னு முன்னாடியே பேசி வெச்சுகிட்ட மாதிரி, மூணாவது ஆளு ஒரு கடை முன்னாடி நின்னு கத்திகினே இருக்க வேண்டியதுதான், நீங்க அங்க இருக்கறது கண்ண மூடி தெறக்கற நேரம். இன்னொன்னு, சேட்டிலைட்டோட ஆன்டெனாவையே கத்தற திசைல மட்டும் செவிடாக்கலாம். மூணாவது, வந்தத அப்படியே திருப்பி அடிக்காம மேலயே பிரிச்சு, நம்ம சிக்னலா பாத்து, சுத்தம் பண்ணி மறுபடி அனுப்பறது. அமெரிக்காவோட மில்ஸ்டார் 1994ல, அப்புறம் ஏஇஎச்எஃப் 2010லருந்து 2020க்குள்ள ஆறு சேட்டிலைட், எல்லாம் இந்த வகை. மேல போறது 44 கிகாஹெர்ட்ஸ், கீழ வர்றது 20 கிகாஹெர்ட்ஸ், பீம், அதான் அலை போற கதிர், அவ்ளோ ஒல்லி. ஒல்லி பீம்னா நீங்க எங்க நின்னு பேசறீங்கன்னு பக்கத்துல இருக்கற எதிரி மோப்பம் புடிக்கறதும் கஷ்டம். குறையும் உண்டு, அந்த அலைவரிசைய மழை தின்னுடும்.

பென்னாகரம் டிஷ்:
ஐயா மழைன்னு சொன்னீங்க பாருங்க, ஐப்பசில ஒகேனக்கல் பக்கம் மேகம் கட்டினாலே எனக்கு மீட்டர்ல முள்ளு எறங்கும். டிவி கேயூ பேண்டுக்கே அப்படி, இன்னும் மேல போனா எப்படி இருக்கும்னு எனக்கு இப்ப கையால தெரியுது.

மாந்தோப்பு கிருஷ்ணகிரி:
நான் கேட்டதுக்கு பதில் வந்துச்சு, ஒத்துக்கறேன், கப்பலுக்கும் மலைக்கும் கேபிள் ஆகாது. ஆனா ஒத்த மரம்னு சொன்னேனே, அதுல நான் இன்னும் அப்படியேதான் நிக்கறேன். மேல அடுத்தவன் சேட்டிலைட் கிட்ட வந்தா என்ன பண்ணுவீங்க? கீழ ஆபீஸுக்குள்ள எவனாவது பூந்தா?

பாலக்கோடு ஈசிஇ:
ரெண்டுமே நடந்திருக்குண்ணா. பிரான்ஸும் இத்தாலியும் சேந்து ராணுவ பேச்சுக்கு வெச்சிருக்கற அதீனா ஃபிடஸ்னு ஒரு சேட்டிலைட், 2017ல ரஷ்யாவோட லூச் ஒலிம்ப்ங்கற சேட்டிலைட் அதுக்கு பக்கத்துல வந்து நின்னுச்சு. அடுத்த வருஷம் செப்டம்பர்ல பிரான்ஸ் ராணுவ அமைச்சர் புளோரன்ஸ் பார்லி மேடைலயே பேர் சொல்லி அது ஒட்டுக் கேக்க வந்துச்சுன்னு பேசினாங்க.

கீழ பூந்தது 2022 பிப்ரவரி 24. உக்ரைன் மேல படை எறங்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி, கேஏ சாட்ங்கற சேட்டிலைட் நெட்வொர்க்குல ஆயிரக்கணக்கான மோடம் ஒரே நேரத்துல எதுக்கும் ஆகாத செங்கல்லாயிடுச்சு. சேட்டிலைட்டுக்கு ஒரு கீறல் இல்ல. கீழ நிர்வாக நெட்வொர்க்குல சரியா பூட்டாத ஒரு விபிஎன் வழியா, அதான் வெளியூர்லருந்து உள்ள வர்றதுக்கு வெச்ச வாசல், உள்ள வந்து, மோடத்தோட நினைவ அழிக்கற கட்டளைய அங்கருந்தே அனுப்பிட்டாங்க. உக்ரைனுக்காக வெச்ச அடி, ஜெர்மனில கரண்ட் எடுக்கற 5,800 காத்தாடிங்களோட தூரக்கட்டுப்பாடும் அறுந்துபோச்சு. காலைல ஐயா சொன்னாரே, பூட்டு வானத்துல இல்லன்னு.

மாந்தோப்பு கிருஷ்ணகிரி:
அப்ப என் பயம் தப்பு இல்லல்ல. 2,963 கோடில எவ்ளோ மேலே போகுது, எவ்ளோ கீழ இருக்கற பெட்டிக்கும் ஆளுக்கும் போகுதுன்னுதான் கேக்கணும் போல. இந்த கேள்விய நான் விடறதா இல்ல.

பர்கூர் சிக்னல்:
விடாதீங்க. இத கேக்கற ஜனம் வேணும்.

ஓசூர் லேத்:
எல்லாரும் பேசியாச்சு, மெஷின்காரன் நான் ஒன்னு சொல்றேன். எங்க ஷாப்ல ஒவ்வொரு ஷிஃப்ட் முடிஞ்சதும் துணி எண்ணி வைக்கணும். தொடைக்கற வேஸ்ட் துணிதான், எத்தன எடுத்தோமோ அத்தன திரும்பி வரணும். புதுசா வர்ற பசங்க கோவப்படுவாங்க, ஒரு துண்டு துணிக்கு இவ்ளோவான்னு. நான் அவங்களுக்கு ஏஇஎச்எஃப் ஒன்னாவது சேட்டிலைட் கதைய சொல்லுவேன்.

2010 ஆகஸ்ட் 14ல விட்டாங்க. ராக்கெட் கரெக்டா கொண்டு போயி விட்டுச்சு. அதுக்கப்புறம் சேட்டிலைட் தன்னோட பெரிய இஞ்சின போட்டு மேல ஏறணும். போட்டா பத்தல. எரிபொருள் குழாய்ல அடைப்பு. செய்யும்போது உள்ள விட்டுப்போன ஒரு சின்ன துணித்துண்டாதான் இருக்கும்னு பின்னாடி அமெரிக்க தணிக்கை அறிக்கை சொல்லுச்சு. கொள்ளக் காசு போட்ட சேட்டிலைட், ஒரு துண்டு துணி.

ஆனா அவங்க கைய விடல பாருங்க, அதான் எனக்கு புடிச்சது. நிக்கற எடத்துல சின்ன சின்னதா சரி பண்ணிக்கறதுக்குன்னு வெச்சிருந்த குட்டி த்ரஸ்டருங்க, அதான் தள்ற சின்ன இஞ்சினுங்க, இருந்துச்சு. அதுல ஒரு வகை செனான் வாயுவ மின்சாரத்தால தள்றது, அதோட தள்ளு நம்ம உள்ளங்கைல கொஞ்சம் சில்லறைக் காச வெச்சா எவ்ளோ கனமோ அவ்ளோதான். அத வெச்சு தள்ளு தள்ளுன்னு தள்ளி பதினாலு மாசம் கழிச்சு 2011 அக்டோபர்ல உரிய எடத்துல நிறுத்திட்டாங்க. ஆறு டன்னு இருக்கும் அது.

நமக்கும் 2018ல ஜிசாட் 6ஏ போச்சு. மார்ச் 29ல ஏவினாங்க, ஆறு மீட்டர் குடை மாதிரி விரியற ஆன்டெனா, கைல வெச்சு பேசற சின்ன செட்டுக்கெல்லாம் உதவி இருக்கும். ரெண்டாவது தடவ இஞ்சின் ஓடினதுக்கப்புறம் பேச்சே நின்னுபோச்சு, திரும்ப வரல. அன்னிக்கு எங்க லைன்ல ஒருத்தருக்கும் வேலை ஓடல. நாங்க செய்யற பார்ட் எதுவும் அங்க போறதில்ல, ஆனாலும் மெஷின புடிக்கற கைக்கு தெரியும்.

அரூர் நித்யா:
நேத்து ராத்திரி போன் வந்துச்சு. நான் "நல்லா இருக்கீங்களா"ன்னு கேட்டுட்டு வாய மூடிகினு இருந்தேன், எப்பவும் அந்த எடைவெளில நான் இன்னொரு கேள்வி கேட்டுடுவேன், அவரும் அதே நேரத்துல பேச ஆரம்பிப்பாரு, ரெண்டும் முட்டிக்கும், ரெண்டு பேரும் "சொல்லு சொல்லு"ன்னு நேரம் போயிடும். நேத்து முட்டிக்கவே இல்ல. என்ன இன்னிக்கு அமைதியா இருக்கேன்னு கேட்டாரு. தம்பிக்கு ரொம்ப நன்றி.

பென்னாகரம் டிஷ்:
எல்லாருக்கும் நன்றிங்க. ஏரியூர் பெரியவர்கிட்ட இத்தனையும் வாயால சொன்னா பத்தாதுன்னு தோணுச்சு, காட்டணும்னு இன்னிக்கு காலைல பத்தே முக்காலுக்கே அவர் வீட்டுக்கு போயிட்டேன். ஒரு சாக்லேட் பேப்பர்லருந்து காக்காப்பொன் தாள கிழிச்சு டிஷ்ஷுக்கு நடுவுல பைசா அளவுக்கு ஒட்டினேன். வெயில் அதுல பட்டு ஒரு சின்ன வெளிச்சப் பொட்டு எல்என்பி கம்பி மேல விழுந்துச்சு. பெரியவரு முட்டிவலியோட படி ஏறி வந்து ஸ்டூல போட்டு உக்காந்துட்டாரு, கூட பேத்தி. கீழ பாட்டி டிவி முன்னாடி.

பதினொரு மணிக்கு பொட்டு கம்பிலருந்து நகந்து எல்என்பிய பாத்து வருது. கண்ணால பாக்கற வேகம் இல்ல, ஆனா ரெண்டு நிமிஷம் வேற பக்கம் பாத்துட்டு திரும்பினா எடம் மாறி இருக்கு. மீட்டர சொருகி வெச்சிருந்தேன், பதினொன்னு எட்டுக்கு முள்ளு எறங்க ஆரம்பிச்சுது. பொட்டு எல்என்பியோட வெள்ள மூடி ஓரத்த தொட்டுது. அப்புறம் மூடி நடுவுல வந்து நின்னுச்சு, மூடி பூரா பளிச்சுன்னு ஆச்சு. அதே நேரம் கீழருந்து பாட்டி கத்தறாங்க, "படம் போச்சுடா"ன்னு.

பெரியவர் போன எடுத்து மணி பாத்தார், பதினொன்னு பதிமூணு. "இது என் பையன் இருக்கற பக்கம் இன்னிக்கு கெடையாதுல்ல?"ன்னார். காஷ்மீர் பக்கம்னா அங்க மொத வாரத்துலயே முடிஞ்சிருக்கும்னு சொன்னேன். பொட்டு மூடிய தாண்டி அந்தப்பக்கம் எறங்கற வரைக்கும் அவர் ஸ்டூல விட்டு எழல.